ப்ளூடூத் ஸ்பீக்கர் கனெக்ட் ஆனதும் துண்டித்துக்கொண்டால்

என் குட்டி லினக்ஸ் போர்டில் ப்ளூடூத் ஸ்பீக்கர் ஜோடி சேரும் (pair). கனெக்ட் கொடுத்தால் அடுத்த நொடியே துண்டித்துக்கொள்ளும். போனில் அதே ஸ்பீக்கர் அருமையாகப் பாடியது. ப்ளூடூத் சர்வீஸின் லாகைப் பார்த்தேன்: 'புரோட்டோகால் நாட் அவைலபிள்'. விஷயம் அங்கேதான். ப்ளூடூத் சர்வீஸ் இணைப்பை மட்டுமே கவனிக்கும். ஒலியை அனுப்ப ஆடியோ சர்வர் கூடவே நிற்க வேண்டும். பல்ஸ்ஆடியோ என்ற ஆடியோ சர்வர் இருந்தது, தனிப் பேக்கேஜாக வரும் அதன் ப்ளூடூத் மாட்யூல் இல்லை. அதை நிறுவி பல்ஸ்ஆடியோவை மறுபடி தொடங்கியதும் இணைப்பு நிலைத்தது.

ஒலி மட்டும் பழைய டெலிபோன் மாதிரி இருந்தது. ப்ரொஃபைலை, அதாவது ஒலி அனுப்பும் முறையை, பேச்சுக்கான ஹெட்செட்டிலிருந்து இசைக்கான ஏ2டிபிக்கு (A2DP) மாற்றினேன். என்ன ஒரு தெளிவு! அடுத்த முறை ஸ்பீக்கர் தானாகவே இணைய, ட்ரஸ்ட் (trust) கட்டளையையும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள். பாட்டு திக்கினால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், 2.4-இல் ப்ளூடூத்தும் அதுவும் முட்டிக்கொள்ளும்.