பாக்ஸ் ஸ்கோர் (மேட்ச் முடிஞ்சதும் வர்ற புள்ளிவிவர அட்டவணை) வச்சு ஒரு பாஸ்கெட்பால் பிளேயர் எப்படி ஆடினார்னு கணக்கு போடலாம் வாங்க

மேட்ச் முடிஞ்சதும் "எத்தன பாயின்ட்?"னுதான் எல்லாரும் கேப்போம், நானும் ரொம்ப நாள் அத மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன், ஆனா அத எடுக்க எத்தன ஷாட் போட்டார்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. அமெரிக்காவோட NBA லீக்ல லேக்கர்ஸ் டீமுக்கு ஆடுன கோபி பிரையன்ட் 2006 ஜனவரி 22 அன்னைக்கு டொராண்டோ ராப்டர்ஸ்க்கு எதிரா 81 பாயின்ட் எடுத்த மேட்ச வச்சே போட்டுப் பாத்துடலாம், மொபைல் கால்குலேட்டர் போதும்.

முதல்ல ஷூட்டிங். 46 ஷாட்ல 28 உள்ள, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காக யாரும் தடுக்காம போட கெடைக்கிற ஷாட்) 20க்கு 18. அந்த 20ஐ 0.44ஆல பெருக்குங்க, 8.8. (ஷாட் உள்ள போயி கூடவே கெடைக்கிற ஃப்ரீ த்ரோ மாதிரி எல்லாமே தனி அட்டாக் இல்லல்ல, அதான் முழுசா எண்ணல.) 46ஓட கூட்டி ரெண்டு மடங்காக்குனா 109.6, 81ஐ இதால வகுத்தா 73.9 சதவீதம். இதுதான் ட்ரூ ஷூட்டிங். 60 தொட்டாலே அருமையான ஆட்டம்னு வச்சுக்கோங்க!

அடுத்து, பாஸ்கெட்பால் புள்ளிவிவர நிபுணர் ஜான் ஹாலிஞ்சர் குடுத்த கேம் ஸ்கோர், அதாவது மொத்த ஆட்டத்துக்கும் ஒரே மார்க். பொறுமையா வாங்க. 81ஓட, உள்ள போன ஷாட்டுக்கு 0.4 வீதம் 11.2 கூட்டுங்க, போட்ட ஷாட்டுக்கு 0.7 வீதம் 32.2 கழிங்க, 60 நிக்கும். தவறுன ஃப்ரீ த்ரோ ரெண்டுக்கு 0.8 போச்சு. அஃபென்ஸ் ரீபவுண்ட் (தன் டீம் தவறவிட்ட ஷாட்ட திரும்பப் புடிக்கிறது) 2, அசிஸ்ட் (கூட ஆடுறவர் ஷாட் போட பாஸ் குடுக்கிறது) 2, பிளாக் (எதிராளி ஷாட்ட தட்டி விடுறது) 1, இதெல்லாம் ஒண்ணுக்கு 0.7. டிஃபென்ஸ் ரீபவுண்ட் (எதிர் டீம் தவறவிட்டத புடிக்கிறது) 4, ஒண்ணுக்கு 0.3. ஸ்டீல் (பந்த பறிக்கிறது) 3, அது ஒண்ணுக்கு முழுசா 1. ஃபவுல் 1, அதுக்கு 0.4 கழிச்சு, டர்ன்ஓவர் (பந்த எதிர் டீம்கிட்ட விடுறது) 3ஐயும் அப்படியே கழிச்சா 63.5 வரும். சாதாரண ஆட்டம்னா 10, 40 வந்தாலே பிரமாதம்னுதான் அவர் அளவுகோலே!

ஆனா இதோட நிறுத்திடாதீங்க ப்ளீஸ். 2010 ஃபைனல்ஸ் ஏழாவது மேட்ச், செல்டிக்ஸ்க்கு எதிரா அதே கோபி போட்ட 24 ஷாட்ல 6தான் உள்ள போச்சு, ட்ரூ ஷூட்டிங் 37.6. ஆனா 15 ரீபவுண்ட் புடிச்சார், லேக்கர்ஸ் 83-79ல ஜெயிச்சு கப்பும் வாங்குனாங்க. ஷாட் விழாத அன்னைக்கு ஒருத்தர் வேற என்ன செய்றார்னு பாக்கணும்னா வீடியோதான் வழி. ஒரு குவார்ட்டர் மட்டும் திரும்பப் போட்டு, பந்த விட்டுட்டு அந்த ஒரு ஆள மட்டும் பாருங்க, எதிராளிய முதுகால தடுத்து பாக்ஸ் அவுட் பண்றாரா, பந்து பறிபோனதும் திரும்பி ஓடுறாரா இல்ல ரெஃப்ரிய பாத்து கைய விரிச்சுட்டு நிக்கிறாரான்னு பேப்பர்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடு போட்டுட்டே வாங்க.