சப்பின்-சப்பின்: மூன்று அடுக்கும் பிரியாமல் வர

பிலிப்பீன்சில் ஈஸ்டர் கொளுத்துகிற வெயிலில் வரும். ஞாயிறு விடிவதற்கு முன்பே சலுபோங் நடக்கும். உயிர்த்த இயேசுவின் சுரூபம் ஒரு பக்கமிருந்தும், கறுப்பு முக்காடிட்ட மாதா சுரூபம் மறுபக்கமிருந்தும் ஊர்வலமாக வந்து சந்திக்கும். தேவதை வேடமிட்ட சிறுமி ஒருத்தி மாதாவின் முக்காட்டை விலக்குவாள். அது முடிந்து வீடு திரும்புகிற பசிக்குத்தான் எங்கள் தெருவில் சனிக்கிழமை சாயங்காலமே பலகாரம் தயாராகிவிடும். கெசோன் சிட்டிக்குக் குடிவந்த முதல் ஈஸ்டரில் பக்கத்து வீட்டு ஆத்தே (அக்காவை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்) கொடுத்தனுப்பிய தட்டில் இருந்தது சப்பின்-சப்பின். ஊதா, மஞ்சள், வெள்ளை என்று மூன்று அடுக்கு, மேலே பொன்னிறத் தேங்காய்த் தூவல். சப்பின் என்றால் ஒன்றின் கீழ் ஒன்றாக விரிக்கிற அடுக்கு.

ஒட்டும் அரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை. இட்லிச் சட்டியில் ஆவியில் வேக வேண்டும். இவ்வளவுதான், நமக்குப் புதிதாக எதுவும் இல்லை. ஆனால் நான் முதலில் செய்தபோது வெட்டியவுடன் மூன்று அடுக்கும் புத்தகத் தாள் மாதிரி தனித்தனியாகக் கழன்று வந்தன. அது ஏன் என்று புரிய எனக்கு மூன்று ஈஸ்டர் ஆயிற்று. அந்தப் படியைத்தான் கீழே நிறைய எழுதியிருக்கிறேன்.

பொருள்கள்

9 அங்குல வட்டத் தட்டு, 2 அங்குல உயரம். அதற்கு: மலக்கிட் மாவு 250 கிராம், சாதாரணப் பச்சரிசி மாவு 60 கிராம், சர்க்கரை 150 கிராம், கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின் (ஏறக்குறைய 390 கிராம்), கெட்டியான தேங்காய்ப்பால் 800 மில்லி, உப்பு கால் டீஸ்பூன். ஊதாவுக்கு வேகவைத்து மசித்த ஊபே 120 கிராம், மஞ்சளுக்குப் பலாச்சுளை 80 கிராம். மேலே தூவுகிற லத்திக்குக்கு (தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கிற பொன்னிறக் கசடு) இன்னொரு 400 மில்லி முதல் பால். தட்டில் தடவத் தேங்காய் எண்ணெய்.

கப் அளவை நான் நம்புவதில்லை. மாவை அமுக்கி அள்ளினால் ஒரு எடை, தளர அள்ளினால் ஒரு எடை. தராசு இருந்தால் அடுக்குகளைச் சமமாகப் பிரிக்கவும் அதுதான் உதவும்.

மலக்கிட் என்பது ஒட்டும் அரிசி. நம் செட்டிநாட்டுக் கவுனி அரிசி வெந்ததும் பிசுபிசுவென்று ஒட்டுமே, அந்தக் குணம். இதில் பச்சரிசி மாவைக் கொஞ்சம் சேர்ப்பது கத்திக்கு நிற்பதற்காக. மலக்கிட் மட்டும் போட்டால் துண்டு சரிந்து போகும்.

ஊபே வேறொன்றுமில்லை, யாழ்ப்பாணத்தார் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சிச் சாப்பிடுகிற இராசவள்ளிக்கிழங்குதான். அவர்களுக்கு இந்த வாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே போஹோல் தீவின் கினாம்பாய் வகைக்குத் தனி மதிப்பு. புதுக் கிழங்கு கிடைக்காத மாதங்களில் ஊபே ஹலாயா என்கிற ஜாம் வாங்கலாம். பாகியோவில் கன்னியர் மடம் ஒன்று செய்து விற்கிற ஜாமுக்கு நாடு முழுக்கப் பேர். ஜாம் போட்டால் சர்க்கரையில் 40 கிராம் குறையுங்கள். ஊதாச் சர்க்கரைவள்ளியும் சேப்பங்கிழங்கும் ஊபே ஆகாது. நிறம் ஏமாற்றும், வாசம் வராது.

மாவு கரைப்பது

இரண்டு மாவையும் சர்க்கரையும் உப்பும் கலந்து, தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, கடைசியில் கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்றுங்கள். தோசை மாவை விட நீர்க்க இருக்கும், பயப்பட வேண்டாம். மிக்ஸி வேண்டாம், கையால் அடிக்கும் கம்பிக் கரண்டி போதும். மிக்ஸியில் அடித்தால் நுரை ஏறி, வெந்த அடுக்கில் ஓட்டை ஓட்டையாக நிற்கும். ஒருமுறை வடிகட்டி, மூன்று பாத்திரங்களில் தலா 550 கிராம் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் ஊபே. கிழங்கு சேர்ந்ததும் கெட்டியாகிவிடும், அதனால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ப்பால் விட்டு மற்ற இரண்டின் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கிழங்கு மட்டும் போட்டால் வெந்தபின் சாம்பல் கலந்த வெளிர் ஊதாதான் கிடைக்கும். கடையில் பார்க்கிற அடர் ஊதாவுக்கு இங்கே எல்லாரும் ஊபே எசன்ஸ் சில துளி விடுகிறார்கள், நானும் விடுகிறேன். இன்னொன்றில் பலாச்சுளையை விழுதாக அரைத்துச் சேருங்கள். பலாவை இங்கே லங்க்கா என்பார்கள், இந்த வெயில் காலத்தில் சந்தையில் நன்றாகவே கிடைக்கும். வருக்கைச் சுளைதான் நல்லது, கூழன் நீர்விடும். நிறத்துக்கு ஒரு துளி மஞ்சள் சாயம். மஞ்சள் தூள் போடச் சிலர் சொல்வார்கள். எனக்குப் பிடிக்காது, பலா வாசத்தை அது அமுக்கிவிடுகிறது. மூன்றாவது அப்படியே வெள்ளை.

அடுக்குவது

தட்டு முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வாழையிலையை அனலில் வாட்டி வட்டமாக வெட்டி அடியில் போட்டால் இன்னும் நல்லது. சட்டியில் தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகே தட்டை உள்ளே வையுங்கள். தட்டைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும், ஆவி அது வழியாகத்தான் மேலே ஏறும். மூடியை இட்லித் துணியால் கட்டுங்கள். இதை மறக்கவே கூடாது.

ஊதா முதலில். ஊற்றி 20 நிமிடம், மிதமான தீ. தீ அதிகமானால் மேல்பரப்பு அலை அலையாக எழும்பும்.

என் முதல் முயற்சி கெட்டது இந்த இடத்தில்தான். நன்றாக வேகட்டும் என்று ஒவ்வொரு அடுக்கையும் 40 நிமிடம் வேகவிட்டேன். வெளியே எடுத்து ஆறவைத்தேன். ஒட்டாமல் இருக்கட்டும் என்று மேலே எண்ணெய் வேறு தடவினேன். மூன்றுமே தவறு. அடுத்த முறை பயந்து 8 நிமிடத்தில் மஞ்சளை ஊற்றினேன். அது ஊதாவைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கி, இரண்டும் கலந்து மண் நிறமாகிவிட்டது.

மூன்றாம் முறை ஆத்தே என் அடுப்படியில் நின்று, கடிகாரத்தைப் பார்க்காதே, விரலால் பார் என்றார். மூடியைத் திறந்து, நுனிவிரலை ஈரமில்லாமல் துடைத்து, நடுவில் மெல்லத் தொட்டு எடுத்துக் காட்டினார். விரலில் மாவு ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் ஆகவில்லை. விரல் சுத்தமாக, எந்தப் பிடிப்பும் இல்லாமல் வழுக்கினால் மேலே தண்ணீர் நிற்கிறது அல்லது வெந்தது அதிகம். விரலை எடுக்கும்போது பரப்பு ஒரு கணம் கூடவே எழும்பி, பிறகு விட வேண்டும். புதிதாகப் பூசிய கோந்து காயும் நேரத்தில் தொட்டால் இருக்குமே, அப்படி. பால் போன்ற மினுமினுப்புப் போய் நிறம் ஒரு படி அடர்ந்திருக்கும். அதுதான் அடுத்த அடுக்குக்கு நேரம்.

காரணம் எளிது. கீழடுக்கின் ஒட்டும் பரப்போடு மேல் மாவு சேர்ந்து வெந்தால்தான் இரண்டும் ஒன்றாகும். நடுவே நீரோ எண்ணெயோ மெல்லிய படலமாக நின்றால் சேராது. மூடியிலிருந்து சொட்டுகிற நீருக்குத்தான் துணி கட்டுகிறோம். அதையும் மீறி ஈரம் தெரிந்தால் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

தட்டை வெளியே எடுக்காமல், சட்டியிலேயே வைத்தபடி மஞ்சளை ஊற்றுங்கள். ஊற்றும் முன் பாத்திரத்தை அடிவரை கலக்க வேண்டும். மாவு அடியில் தங்கிவிடும். கலக்காமல் ஊற்றினால் முதலில் தண்ணீர்ப் பாலும் பிறகு களியும்தான் விழும். கரண்டியைக் கவிழ்த்து, அதன் முதுகில் விழுந்து வழிகிற மாதிரி ஊற்றுங்கள். மறுபடி 20 நிமிடம், மறுபடி விரல். அப்புறம் வெள்ளை, அதற்கு 35 நிமிடம். கடைசி அடுக்கு வேகும்போது மொத்தமும் வெந்துவிடும்; நடுவில் குச்சி விட்டால் ஈர மாவு வரக்கூடாது. இடையில் சட்டியில் நீர் குறைந்தால் கொதிநீர்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கிப்போகும்.

லத்திக்

400 மில்லி முதல் பாலை அடிகனமான வாணலியில் மிதமான தீயில் காய்ச்சுங்கள். முக்கால் மணி நேரம் போல ஆகும். முதலில் கெட்டியாகும், பிறகு எண்ணெய் பிரியும், கடைசியில் திப்பிதிப்பியாக நிற்கிற கசடு பொன்னிறமாகும். வெண்ணெய் காய்ச்சி நெய் இறக்கும்போது அடியில் நிற்குமே, அதே தோற்றம், அதே ருசி. அடுப்பை விட்டு நகராதீர்கள். பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவே அரை நிமிடம்தான். வடிகட்டிய எண்ணெயை வீணாக்க வேண்டாம், வெட்டுகிற கத்திக்கு அதுதான் தேவை. விசாயாஸ் பகுதியில் லத்திக் என்று கேட்டால் தேங்காய்ப்பாலில் காய்ச்சிய இனிப்புப் பாகைத் தருவார்கள், அது வேறு.

வெட்டுவது

நான்கு மணி நேரமாவது ஆற வேண்டும். சூட்டில் வெட்டினால் மூன்று நிறமும் கத்தியோடு இழுபடும். வாழையிலையில் கவிழ்த்தால் ஊதா மேலே வரும். பிளாஸ்டிக் கத்தியில் லத்திக் எண்ணெய் தடவி, அறுக்காமல் மேலிருந்து நேராக அழுத்துங்கள். எஃகுக் கத்தி எனக்குச் சரிப்படவில்லை. லத்திக்கைப் பரிமாறும்போதுதான் தூவ வேண்டும், முன்பே தூவினால் நமத்துப்போகும்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்கள் கேட்டதை இங்கே சேர்க்கிறேன்.

ஒருவருக்குக் களி மாதிரி விறைப்பாக வந்திருந்தது. படம் அனுப்பச் சொன்னேன், சிவப்பு எழுத்துப் பொட்டலம். தாய்லாந்து எரவான் மாவில் சிவப்பு சாதாரண அரிசி, பச்சைதான் ஒட்டும் அரிசி. யானைப் படம் இரண்டிலும் இருப்பதால் எழுத்தின் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு பேருக்கு லத்திக் பிரியவே இல்லை. இருவரும் பெட்டியில் வருகிற தேங்காய்ப்பால் வாங்கியிருந்தார்கள். நீரும் எண்ணெயும் பிரியாமல் இருக்கச் சேர்க்கிற பொருள் அதில் இருந்தால் எவ்வளவு காய்ச்சினாலும் சட்டென்று பிரியாது. அடுக்குகளுக்கு அந்தப் பால் போதும், லத்திக்குக்கு மட்டும் தேங்காய் துருவிப் பிழியுங்கள். முடியாதென்றால் துருவலைப் பொன்னிறமாக வறுத்துத் தூவலாம். இங்கேயும் பலர் அப்படிச் செய்கிறார்கள்.

மிருதுவாக வரட்டும் என்று சமையல் சோடா போட்ட ஒருவருக்கு ஊதா, நீலப்பச்சையாக மாறிவிட்டது. ஊபேயின் நிறமி காரம் பட்டால் அப்படித்தான் மாறும். இந்தப் பலகாரத்துக்கு சோடா வேண்டவே வேண்டாம்.

அடுக்கு ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து வந்தால் அடுப்பு சாய்ந்திருக்கிறது. ஊற்றும் முன் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எத்தனை நாள் தாங்கும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தேங்காய்ப்பால் என்பதால் இந்த வெயிலில் வெளியே ஒரு நாளைக்கு மேல் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் கெடாது, ஆனால் கல் மாதிரி இறுகும். மறுநாள் துண்டுகளை வாழையிலையில் வைத்து 10 நிமிடம் ஆவி காட்டுங்கள், மறுபடி இளகிவிடும். சனி மாலை 4 மணிக்குத் தொடங்கினால் 6 மணிக்குள் வெந்துவிடும், இரவு 10 மணிக்கு வெட்டலாம். நான் வெட்டுவதில்லை. துணி போட்டு மூடி வைத்துவிட்டு, சலுபோங் முடிந்து வந்து, ஆத்தே வீட்டுக்குப் போகிற தட்டைத்தான் முதலில் வெட்டுகிறேன்.