வாடகை வீட்டின் பின்னால் ஒரு கல் தோட்டம்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்தில் நாங்கள் இப்போது இருப்பது மூன்றாவது வாடகை வீடு. நான் கிராம சுகாதார செவிலியர். காலை எட்டரைக்கு வண்டியை எடுத்தால் வீடு திரும்ப விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிறு மட்டும் வருவார். முதல் வீட்டில் பன்னிரண்டு தொட்டியில் ரோஜாவும் மல்லிகையும் வைத்தேன். பயிற்சிக்காகச் சென்னைக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் சித்திரை வெயிலில் எல்லாம் சுள்ளியாக நின்றன. அதற்குப் பிறகுதான் கல்லை அடுக்கி, இடையில் மண் போட்டு, அதிகம் தண்ணீர் கேட்காத செடி வைக்கும் கல் தோட்டத்துக்கு மாறினேன். இரண்டாவது வீட்டில் ஒன்று, இந்த வீட்டில் ஒன்று என்று இதுவரை இரண்டு கட்டியிருக்கிறேன்.

கல் தோட்டம் என்றதும் கல்லை அடுக்கும் வேலை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அடுக்குவதற்கு இரண்டு ஞாயிறு போதும். கவனம் முழுக்க இடுக்கில் இருக்க வேண்டும். களை முளைப்பது இடுக்கில், தண்ணீர் வடிவதும் தேங்குவதும் இடுக்கில், தேள் குடியேறுவதும் இடுக்கில். இடுக்கைச் சரியாக அடைத்தால் பிறகு மாதம் ஒரு மணி நேரம்கூட வேலை இருக்காது.

முதலில் ஓனரிடம் கேட்டுவிடுங்கள். எங்கள் ஓனரம்மா எடுத்ததும் சொன்னது இதுதான்: "கல்லைக் குவிச்சா பாம்பு வந்து அடையும்மா." அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் மூன்று வாக்குக் கொடுத்தேன். சிமெண்ட் ஒரு கரண்டிகூடப் போட மாட்டேன். செப்டிக் டேங்க் மூடி, தண்ணீர்த் தொட்டி, சாக்கடைக் குழாய் எதன் மேலும் கல் வராது. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளித்தான் மண் போடுவேன். சுவரை ஒட்டி மண் ஏற்றினால் மழைக்காலத்தில் உள்ளே ஓதம் ஏறும், அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். வேலை தொடங்குமுன் அந்த இடத்தை நாலு பக்கமும் போனில் படம் எடுத்து ஓனருக்கும் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது பேச்சு வராது.

இடம், அரை நாளாவது வெயில் விழும் இடமாக இருக்க வேண்டும். பின் கதவிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். ஒரு மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள், தண்ணீர் நிற்கும் மூலை ஆகாது. என்னுடையது எட்டடி நீளம், ஐந்தடி அகலம், நடு உயரம் ஒன்றரை அடி. முதல்முறை செய்கிறவர்களுக்கு இதற்கு மேல் வேண்டாம்.

இனி கோரை, கல் வைக்குமுன் ஒழிக்க வேண்டிய களை. இதில்தான் பொறுமை வேண்டும். மேலே தெரிவது நாலு புல், கீழே ஒவ்வொன்றின் வேரிலும் கறுத்த சுண்டைக்காய் வற்றல் மாதிரி கிழங்குகள் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும். ஒன்றை விட்டாலும் கல்லுக்கு அடியிலிருந்து ஏறி வரும், பிறகு கல்லைப் பெயர்க்காமல் எடுக்க முடியாது. இரண்டாவது வீட்டில் அவசரப்பட்டு, கீழே பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரித்து அதன் மேல் கட்டினேன். கோரையின் முனை ஊசி மாதிரி. மூன்றே மாதத்தில் ஃபிளெக்ஸைக் குத்திக்கொண்டு மேலே வந்தது. மழைத்தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் கற்றாழை அடி அழுகிப்போனது. பொறுக்க வேண்டிய கிழங்கைப் பொறுக்காமல் விட்டதற்கு விரிப்பு எதுவும் ஈடாகாது. இந்த வீட்டில் ஒரு அடி ஆழம் கொத்திப் பொறுக்கினேன். தண்ணீர் தெளித்து பத்து நாள் விட்டேன், தப்பிய கிழங்கெல்லாம் முளைத்துக் காட்டிக்கொடுத்தது. மறுபடி கொத்தினேன். இன்னொரு பத்து நாள், இன்னொரு முறை. மூன்றாவது தடவை கைக்கு ஏழெட்டுக் கிழங்குதான் வந்தது. அப்போதுதான் கல்லை இறக்கச் சொன்னேன்.

கல்லுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. கிரானைட் பாலிஷ் பட்டறைகளில் உடைந்த துண்டு கிடைக்கும், ஆனால் எனக்குப் பிடிக்காது. விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், சமையல் மேடையை உடைத்துப் போட்டது போலவும் தெரியும். கொல்லைமேட்டில், அதாவது மானாவாரி நிலத்தில், உழும்போது பொறுக்கி வரப்பில் குவித்த கல்தான் அழகு. வெயிலும் மழையும் பட்டு ஓரம் மழுங்கி, பழுப்பேறி இருக்கும். கொல்லைக்காரரைக் கேட்டால் பெரும்பாலும் எடுத்துப் போகச் சொல்வார்கள், அவர்களுக்கு இடம் மிச்சம். மலையடிவாரத்திலோ காப்புக்காட்டிலோ ஆற்றிலோ எடுக்காதீர்கள், அது குற்றம். இன்னொன்று: நம் பக்கத்தில் வரப்போரத்தில் நடுகல் கிடப்பது உண்டு. வாளோ வில்லோ பிடித்த உருவம், எழுத்து, எதன் தடம் தெரிந்தாலும் அந்தக் கல்லைத் தொடாமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே சேர வேண்டியது அது.

எடையைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு அடி இருக்கும் கருங்கல் ஏறக்குறைய 75 கிலோ. அதே கல் முக்கால் அடியாக இருந்தால் 32 கிலோ, அரை அடி என்றால் 10 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நான் எடுத்தது முக்கால் அடிக் கல் பத்து, அரை அடிக் கல் முப்பது, அதோடு இரண்டு சிமெண்ட் சாக்கு நிறையக் கல்சில்லு. குட்டியானை வண்டியில் ஒரே நடையில் வந்துவிட்டது. அதில் பெரிய கல் மூன்று மட்டும் இரண்டு பேர் தூக்கும் அளவு.

குவியலில் கல் எடுக்கும்போது ஷூ இல்லாமல் நிற்காதீர்கள், கையை அடியில் விடாதீர்கள். கடப்பாரையைக் கல்லின் அந்தப் பக்க விளிம்பில் கொடுத்து, உங்களை நோக்கிப் புரட்டுங்கள். அடியில் எது இருந்தாலும் கல் உங்களுக்கு மறைப்பாகும், அது எதிர்ப்பக்கம் ஓடிவிடும். சுருட்டை விரியன் சின்னப் பாம்புதான், ஒரு கல்லின் அடி அதற்குப் போதும். என் வேலையில் கண்டதைச் சொல்கிறேன்: கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையை அல்லது காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது.

சரி, கல் வைப்போம். நம் மாவட்டத்து மல்லசந்திரத்தில் குன்றின் மேல் இருக்கும் கல்திட்டைகளைப் பார்த்திருக்கிறீர்களா? பெருங்கற்காலத்தில் பலகைக் கல்லை நிறுத்தி மேலே மூடுகல் ஏற்றியவை. சாந்து, பூச்சு எதுவும் கிடையாது. கல்லின் எடையும் நிறுத்திய விதமும்தான் அவற்றைத் தாங்குகின்றன. நம் தோட்டத்துக்கும் அதுவே போதும்.

அடி வரிசைக்குப் பெரிய கல். ஒவ்வொன்றுக்கும் குழி பறித்து மூன்றில் ஒரு பங்கை மண்ணுக்குள் இறக்க வேண்டும். மேலே சும்மா வைத்த கல் கொட்டிப் போட்டது போலத் தெரியும், கால் பட்டால் உருளவும் செய்யும். என் மூலைக்கல்லை மட்டும் சொல்கிறேன். ஒரு பக்கம் சப்பை, மறுபக்கம் பலாக்கொட்டை மாதிரி உப்பல். உப்பலைக் கீழே வைத்தால் ஆடியது. குழியின் அடியில் உப்பலுக்கு ஏற்றபடி ஒரு கிண்ணம் போலத் தோண்டி, கல்லை இறக்கி, கடப்பாரையால் பின்பக்கம் சாய்த்தேன். சாய்வு உள்நோக்கி இருக்க வேண்டும், அப்போதுதான் மேலே விழும் மழை பின்னால் வழிந்து செடியின் வேருக்குப் போகும். முன்னால் சாய்ந்தால் மண்ணை அரித்து வெளியே தள்ளும். பிறகு இரு பக்கமும் சில்லு வைத்து சுத்தியால் தட்டி, மண்ணைத் தள்ளி, விறகுக் கட்டையால் இடித்தேன். ஏறி நின்று உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். டொக்கென்று ஒரு சத்தம், இடது ஓரத்தில். இன்னொரு சில்லு. அப்புறம் சத்தமே இல்லை. இப்படி ஏறி நின்று பார்க்காத கல் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நம் ஊர்க் கல்லில் வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடும். எல்லாக் கல்லிலும் வரி ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும்படி வையுங்கள், பாறை அங்கேயே மண்ணிலிருந்து எழுந்தது போல இருக்கும். இரண்டாவது வரிசை அரை அடி உள்ளே தள்ளி. உச்சியில் ஒரே ஒரு நல்ல கல்.

மண் கலவை: செம்மண் இரண்டு சட்டி, எம்சாண்ட் இரண்டு சட்டி, மக்கிய தொழு உரம் ஒரு சட்டி. எம்சாண்ட் என்று கேட்டு வாங்குங்கள், கிரஷர் தூசி வேண்டாம். முதல் தோட்டத்தில் விலை குறைவென்று தூசியைக் கலந்தேன். நனைந்து காய்ந்ததும் தரை போல இறுகிவிட்டது, நித்யகல்யாணி வேர்கூட இறங்கவில்லை. என் அளவுக்குக் கால் யூனிட், அதாவது 25 கன அடி கலவை போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் மண் போட்டதும் கல்லுக்குப் பின்னால் கம்பால் குத்திக்குத்தி இறக்குங்கள். விரல் நுழையும் பொந்து எதுவும் மிஞ்சக் கூடாது. சின்ன இடுக்கில் மண், பெரிய இடுக்கில் சில்லும் மண்ணும். ஓனரம்மாவின் பாம்புப் பயத்துக்கு என் பதில் இந்தக் கம்புதான். எல்லாம் முடிந்ததும் நன்றாகத் தண்ணீர் விட்டு இரண்டு வாரம் ஆறப் போடுங்கள். மண் அங்கங்கே உள்வாங்கும், அங்கே மறுபடி நிரப்புங்கள்.

ஓனரம்மா தன் பழைய ஆட்டுக்கல்லையும் இதில் வைக்கச் சொன்னார். அழகுதான், ஆனால் அதன் குழியில் நிற்கும் மழைத்தண்ணீர் டெங்கு கொசுவுக்குத் தொட்டில். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். விளிம்பு வரை மண் நிரப்பி டேபிள் ரோஸ் வைத்துவிட்டேன். குழியான கல் எதுவாக இருந்தாலும் இப்படிச் செய்யுங்கள்.

செடிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. சோற்றுக்கற்றாழை, பிரண்டை, மருள், ரணகள்ளி, கற்பூரவள்ளி எல்லாம் தெருவில் கேட்டாலே கிடைக்கும். கொல்லைவேலியில் கள்ளிமுளையான் பார்த்தால் ஒரு தண்டு கேட்டு வாங்குங்கள், வேரோடு பிடுங்காதீர்கள். கல்லின் அரை நிழலில் நாலு பட்டைத் தண்டாக எழும்பும், துவையலுக்கும் ஆகும். நித்யகல்யாணி தானே விதைத்துக்கொள்ளும், ஆடு தொடாது. அடீனியம் ஒன்று மட்டும் நர்சரியில் வாங்கினேன், உச்சிக் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருகுகள்ளி வேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. சப்பாத்திக்கள்ளியும் வேண்டாம், அதன் நுண்முள்ளைக் குழந்தைகள் கையிலிருந்து எடுப்பது பெரும்பாடு.

சாறுள்ள தண்டை வெட்டியதும் நடாதீர்கள். நிழலில் நாலைந்து நாள் போட்டால் வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ளும். அப்புறம் நட்டு, ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் விடுங்கள். நான் கல் வேலையை மாசியில் முடித்து, கோடை மழை ஒன்று விழுந்ததும் நட்டேன்.

கூடவே எடுத்துப் போக விரும்பும் செடியை மண் தொட்டியோடு இறக்குங்கள். அடீனியமும் மருளும் அப்படித்தான் இருக்கின்றன, தொட்டி விளிம்பு ஜல்லிக்குள் மறைந்திருக்கிறது. மருளுக்கு இன்னொரு காரணமும் உண்டு, விட்டால் அடிக்கிழங்கால் தோட்டத்தையே பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக, வெறும் மண் தெரியும் இடமெல்லாம் முக்கால் அங்குல ஜல்லி, ஒன்றரை அங்குல கனத்துக்கு. நாலு சிமெண்ட் சாக்கு போதும், தூசி போக அலசிப் போடுங்கள். ஈரம் காக்கும், களை விதையை மண்ணில் ஊன்ற விடாது, செடியின் கழுத்தில் சேறு படாமல் காக்கும்.

முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு முறை தண்ணீர். பிறகு கோடையில் பத்து நாளுக்கு ஒரு முறை, மழைக்காலத்தில் இல்லவே இல்லை. காவிரியிலிருந்து குழாயில் வரும் ஒகேனக்கல் குடிநீரை இதற்கு ஊற்றாதீர்கள். போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் அந்தத் திட்டமே வந்தது, பல்லில் கறையோடு வரும் பிள்ளைகளை இன்றும் பார்க்கிறேன், அது குடிக்க மட்டும் இருக்கட்டும். செடிக்கு அரிசி, காய் கழுவிய தண்ணீர் போதும். போர் தண்ணீரை வேரில் ஊற்றலாம், கல் மேல் தெளித்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும். மாதம் ஒரு முறை உதிர்ந்த இலையைக் கையுறை போட்டு வாரி, மழையில் ஏதாவது இடுக்கு திறந்திருந்தால் கம்பால் குத்தி அடைத்துவிடுங்கள்.

வீடு மாறும்போது மேலிருந்து கீழாகப் பிரியுங்கள். ஜல்லியைச் சாக்கில் அள்ளி, தொட்டிகளைத் தூக்கி, கல்லைக் கடப்பாரையால் உங்கள் பக்கம் புரட்டி வெளியே எடுத்து, மண்ணைப் பரப்பி மட்டம் செய்தால் முடிந்தது. இரண்டாவது வீட்டில் இதற்குக் காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை ஆனது. பழைய படத்தை வைத்துக்கொண்டு ஓனரோடு ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.