கான் விழாவில் கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்புங்கள்

மே மாதம் பிரான்ஸில் நடக்கும் கான் திரைப்பட விழாவுக்குப் போனால், நட்சத்திரங்களைப் படமெடுக்க முண்டியடிக்காதீர்கள். அதைப் பத்திரிகைகளுக்குப் படம் தரும் ஏஜென்சிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். சிவப்புக் கம்பளத்துக்கு எதிரே உள்ள தடுப்புப் பக்கம் போங்கள். ரசிகர்கள் மடக்கு ஏணியைச் சங்கிலி போட்டுப் பூட்டி இடம் பிடித்திருப்பார்கள். கோட்டு, கவுன் சகிதம் 'அழைப்பிதழ் கிடைக்குமா?' என்று அட்டை பிடித்து நிற்பவர்களும் உண்டு. எனக்கு இவர்கள்தான் சுவாரசியம்.

35 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துவாரம் எஃப் 8, ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ போதும். இரவு 8.30 வரை வெளிச்சம் இருக்கும், ஃபிளாஷ் வேண்டாம். கார் கதவு திறக்கிற நொடியில் நட்சத்திரத்துக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தை எடுங்கள். அப்புறம், உடனே கிளம்பிவிடாதீர்கள். கார் போனதும் போனில் என்ன பதிவாகியிருக்கிறது என்று குனிந்து பார்க்கும் முகங்களையும் விடாதீர்கள்.