எத்தியோப்பியாவில் சாப்பிட உட்காரும்போது

எத்தியோப்பியாவுக்குப் போய்வந்த நம்மவர்களிடம் அந்த ஊர்ச் சாப்பாட்டின் அடிப்படையான இஞ்சரா எப்படி இருந்தது என்று கேட்டால், "புளிச்ச தோசை" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பார்க்க அப்படித்தான் இருக்கும். டெஃப் என்பது கசகசா போலப் பொடியான ஒரு தானியம். அதை மாவாக்கிக் கரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, பெரிய வட்டக் கல்லில் ஊற்றி மூடி வேகவைக்கிறார்கள். திருப்பிப் போடுவதில்லை. மேல்புறம் முழுக்கக் கண் கண்ணாக இருக்கும்.

ஆனால் தோசையை மனதில் வைத்துக்கொண்டு ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டால் ஏமாற்றம்தான். மொறுமொறுப்பு கிடையாது, பெரும்பாலும் ஆறித்தான் வரும், புளிப்பும் தூக்கல். அதோடு "இது நமக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. இஞ்சரா தனியாகச் சாப்பிடும் பண்டமே அல்ல. வெங்காயத்தை நெடுநேரம் வதக்கி, பெர்பெரே என்ற மிளகாய் மசாலா போட்டுக் கொதிக்கவைத்த குழம்புக்கு அது ஜோடி. அந்தக் காரத்தோடு சேரும்போதுதான் புளிப்பின் அருமை தெரியும். தட்டின் அடியில் விரித்திருக்கும் இஞ்சரா எல்லாக் குழம்பிலும் ஊறிக் கடைசியில் மிஞ்சும். அதை விட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள், சாப்பாட்டிலேயே ருசி அங்கேதான் இருக்கிறது.

ஒரே பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் உட்காருவார்கள். எச்சில் பார்த்து, தனித் தட்டு கேட்டால் மனம் வருந்துவார்கள். வலது கையால், தட்டில் உங்கள் பக்கமாக இருக்கும் பகுதியிலிருந்து எடுத்துச் சாப்பிடுங்கள். சில சமயம் பக்கத்தில் இருப்பவரே ஒரு கவளம் சுருட்டி உங்கள் வாயருகே நீட்டுவார். குர்ஷா என்பார்கள். கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் வாங்கிக்கொள்ளுங்கள், அது அன்பின் அடையாளம்.

சைவக்காரர்கள் பெட்டி நிறைய ரொட்டியும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு போகிறார்கள். தேவையே இல்லை. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள் நோன்பிலும் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார்கள். அந்த நாட்களில் பெயாய்னெட்டு என்ற கலவைத் தட்டைக் கேட்டால் மைசூர் பருப்பு, கீரை, கோஸ், பீட்ரூட் என்று தட்டு நிறைய வரும். மற்ற நாட்களில்தான் கவனம் வேண்டும். ஷிரோ என்ற கடலைமாவுக் குழம்பில்கூட மசாலா நெய் விட்டிருக்கலாம், சில வகையில் இறைச்சியும் இருக்கும். "ட்சோம்", அதாவது நோன்புச் சாப்பாடு, என்று சொல்லிக் கேளுங்கள். சில கடைகளில் நோன்பு நாளிலும் மீன் உண்டு, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிட்ஃபோ கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அது பச்சை மாட்டிறைச்சிக் கொத்து. நாடாப்புழு தொற்றும் அபாயம் உண்டு, அதனால் நன்றாக வேகவைத்துத் தரச் சொல்லுங்கள்.

அப்புறம் காப்பி. ஒரு வீட்டில் காப்பிக்கு அழைத்தால், பத்து நிமிடத்தில் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று போகாதீர்கள். பச்சைக் கொட்டையைக் கழுவி, உங்கள் கண்முன்னாலேயே வறுப்பார்கள். புகையும் சட்டியை ஒவ்வொருவர் அருகிலும் கொண்டுவருவார்கள். கையால் அந்த மணத்தை முகத்துக்கு இழுத்து முகர வேண்டும். பிறகு உரலில் இடித்து, ஜெபெனா என்ற மண்கூஜாவில் கொதிக்கவைத்து, கைப்பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் மெல்லிய தாரையாக ஊற்றுவார்கள். பக்கத்தில் சாம்பிராணி புகையும், சோளப்பொரி இருக்கும். அதே தூளில் மறுபடி தண்ணீர் விட்டு இரண்டாவது, மூன்றாவது சுற்றும் வரும். அபோல், டோனா, பரக்கா என்று மூன்றுக்கும் பெயர் உண்டு. முதல் கோப்பையோடு எழுவது மரியாதையில்லை. பாலைத் தேடாதீர்கள். பால் கலந்த மக்கியாட்டோ வேண்டுமென்றால் நகரத்துக் கடைகளில் அருமையாகக் கிடைக்கும்.

தேஜ் என்ற தேன் மது பழரசம் மாதிரி இனிக்கும். அதை நம்பி மடமடவென்று குடிக்க வேண்டாம். தலைநகர் அடிஸ் அபாபா ஏறக்குறைய 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, புதிதாக வந்தவருக்கு அங்கே மூச்சே கொஞ்சம் வாங்கும், அதோடு போதையும் சேர்ந்தால் சிரமம்தான்.

சாப்பிட அழைத்தால் நேரத்தையும் சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே மணிக்கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. நமக்குக் காலை 7 மணி, அவர்களுக்கு 1 மணி. "ஆறு மணிக்கு வாங்க" என்றால் அது நண்பகல் விருந்தாக இருக்கலாம். மாலை வரை காத்திருந்து போனால் தட்டைக் கழுவி வைத்திருப்பார்கள்.