டெல்டா வீட்டில் பழஞ்சீனத் தேயிலை: காப்பதும் ஏலத்துக்கு அனுப்புவதும்

ஒரே ஆலையில் ஒரே ஆண்டில் அழுத்திய பு-அர் என்ற சீனத் தேயிலை வில்லைகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஹாங்காங்கில் உலர்ந்த கிடங்கில் முப்பது ஆண்டு இருந்தது. மற்றது ஈரக் கிடங்கில் கிடந்து பூஞ்சை கண்டது. ஏலத்தில் இரண்டின் விலையும் பல மடங்கு விலகி நிற்கும். வாங்குபவர் இலைக்கு மட்டும் பணம் கொடுப்பதில்லை, அது இருந்த காற்றுக்கும் சேர்த்தே கொடுக்கிறார். ஐப்பசி, கார்த்திகை விடியலில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும் கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சேர்ப்பவருக்கு, வாங்குவதைவிடக் காப்பதே பெரிய வேலை. காத்ததற்கு எழுத்துச் சான்றும் வேண்டும். ஹாங்காங், தைவான், மலேசியக் கிடங்கு என்றால் சந்தைக்குத் தெரியும். டெல்டாக் கிடங்கு என்று ஒன்று இருப்பதே தெரியாது.

எதைச் சேர்ப்பது

லோங்ஜிங் போன்ற பச்சைத் தேயிலை எவ்வளவு உயர்ந்ததானாலும் சேர்க்க வேண்டாம். அது ஓர் ஆண்டுக்குள் குடிக்க வேண்டியது. வயதாக ஆக விலை ஏறுபவை முக்கியமாக இரண்டு: யுன்னான் மாகாணத்தின் பு-அர், குவாங்சியின் லியூபாவ். ஃபுஜியானின் பழைய வெள்ளைத் தேயிலைக்கும் வுயி மலையின் ஊலாங் என்ற பாதி பக்குவப்படுத்திய தேயிலைக்கும் சந்தை உண்டு. வுயி மலையின் ஆறு தாய்ச்செடிகளில் பறித்த தா ஹோங் பாவ் என்ற ஊலாங் 20 கிராம் 2005-இல் 2,08,000 யுவானுக்கு ஏலம் போனது. அதன்பின் அச்செடிகளில் பறிப்பது நின்றுவிட்டது. ஆகவே ‘தாய்ச்செடி இலை’ என்று இன்று யாராவது விற்க வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பு-அரில் இரண்டு வகை. ஷெங் என்பது பச்சையாக அழுத்தி, ஆண்டுக்கணக்கில் தானாகவே பக்குவப்பட விடுவது. ஷோவ் என்பது இலையைக் குவித்து, நனைத்து, சில வாரங்களில் செயற்கையாகப் பக்குவப்படுத்துவது. இந்தக் குவிப்பு முறை 1973-இல் குன்மிங் ஆலையில் உருவானது. எனவே ‘1960-ஆம் ஆண்டு ஷோவ்’ என்று ஒன்று இருக்க முடியாது. ஏலத்தில் பெரிய விலை போவது ஷெங்தான்.

லியூபாவை நம் பக்கத்தில் யாரும் கவனிப்பதில்லை, கவனிக்க வேண்டும். மலாயாவின் கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயச் சுரங்கத்தில் உழைத்த சீனர்கள் குடித்தது இதுதான். மூங்கில் கூடைகளில் வந்து இறங்கிய சரக்கு அங்கே பல பத்தாண்டுகள் கிடந்தது. கூத்தாநல்லூர், நாகூர், அதிராம்பட்டினம் பக்கத்தில், கடல் கடந்து பிழைக்கப் போன சபுராளிக் குடும்பங்களில் ஈப்போவிலோ பினாங்கிலோ கடை வைத்திருந்தவர்கள் உண்டு. அத்தகைய வீட்டுப் பரணில் சீன எழுத்துள்ள கூடையோ தகர டின்னோ இருந்தால் குப்பையில் போடாமல் படம் எடுத்து விசாரியுங்கள். நல்ல பழைய லியூபாவுக்குப் பாக்கு மணம் உண்டு; சீனர்களும் அதைப் பாக்கு மணம் என்றே சொல்கிறார்கள். வெற்றிலை போடும் ஊரில் அதைக் கண்டுபிடிக்கத் தனிப் பயிற்சி தேவைப்படாது.

எண்ணையும் தாளையும் படிப்பது

மரபான வில்லை 357 கிராம். ஏழு வில்லை சேர்த்து மூங்கில் மட்டையில் கட்டினால் ஒரு தோங், ஏறத்தாழ 2.5 கிலோ. பழைய பெட்டியில் 12 தோங், அதாவது 84 வில்லை இருக்கும். பிற்காலப் பெட்டிகளில் 6 தோங். பிரிக்காத தோங்குக்கு, ஏழு வில்லைகளைத் தனித்தனியாக விற்பதைவிட நல்ல விலை கிடைக்கும். ஆசைக்குக்கூட மூங்கில் மட்டையைப் பிரிக்காதீர்கள்.

7542 என்ற கலவை எண்ணைப் பலர் தயாரித்த ஆண்டு என்று தவறாகப் படித்து ஏமாறுகிறார்கள். முதல் இரண்டு இலக்கம் அந்தக் கலவை வகுக்கப்பட்ட ஆண்டு, 1975. மூன்றாவது இலையின் தரம். நான்காவது ஆலை: 1 குன்மிங், 2 மெங்ஹாய், 3 ஷியாகுவான். இதே 7542 கலவையை மெங்ஹாய் பல பத்தாண்டுகளாக அழுத்தி வருகிறது. பின்னால் 701 என்று இருந்தால் 2007-இன் முதல் தொகுதி. ‘88 சிங்’ என்று புகழ்பெற்ற தேயிலையும், 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அழுத்தி ஹாங்காங்கில் உலர்ந்த இடத்தில் காக்கப்பட்ட 7542 தான்.

போலியைப் பிடிக்கக் காலப் பிழையைத் தேடுங்கள். சீனாவின் க்யூ.எஸ். தரக்குறி தேயிலை உறைகளில் வந்தது 2000-களின் நடுப்பகுதியில். அதன் இடத்துக்கு எஸ்.சி. எண் 2015 முதல் வந்தது. ‘1995 வில்லை’ என்பதன் தாளில் க்யூ.எஸ். இருந்தால் அது 1995 இல்லை. எளிய வடிவச் சீன எழுத்து 1956-க்குப் பிறகே அதிகாரபூர்வமாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய தனியார் வணிக இல்லங்களின் சரக்கு என்று சொல்லும் சீட்டில் அந்த எழுத்து இருந்தால் அதுவும் போலி. வில்லைக்குள் பாதி புதைந்திருக்கும் சிறு சீட்டையும் பாருங்கள். உண்மையான சீட்டை இலைகள் மேலே கவ்விப் பிடித்திருக்கும், இலையின் சாறு தாளில் ஊறிக் கறை படிந்திருக்கும். பின்னால் ஒட்டிய சீட்டைச் சுற்றி ஒரு வெற்றிடம் தெரியும்.

எடையும் சாட்சி சொல்லும். முப்பது ஆண்டு வில்லை உலர்ந்தும் ஓரம் உதிர்ந்தும் 357 கிராமுக்குக் கீழேதான் இருக்கும். சரியாக 357 காட்டும் ‘பழைய’ வில்லையைச் சந்தேகியுங்கள்.

காப்பது

முதலில் ஈரப்பத மானியைச் சரிபாருங்கள். மலிவான டிஜிட்டல் மானி ஐந்து, எட்டு சதவீதம் தவறாகக் காட்டுவது சாதாரணம். ஒரு பாட்டில் மூடியில் ஒரு தேக்கரண்டி பொடி உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில துளி தண்ணீர் விடுங்கள், கரைந்துவிடக் கூடாது. அதையும் மானியையும் காற்றுப் புகாத ஜிப் பையில் அடைத்து 12 மணி நேரம் வையுங்கள். மானி 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

இலக்கு 60 முதல் 68 சதவீதம், வெப்பம் 22 முதல் 30 டிகிரி. 75-ஐத் தாண்டி ஒரு வாரம் இருந்தால் பூஞ்சை வரும். 50-க்குக் கீழே மாதக்கணக்கில் இருந்தால் பக்குவப்படுவது நின்று, மணம் மங்கிவிடும். தஞ்சாவூர்ப் பக்கம் கத்திரியிலும் ஆடிக்காற்றிலும் உள்நாட்டு வறட்சி படும். நாகை, வேதாரண்யம் கரையில் அந்தக் கவலை குறைவு, ஈரக் கவலை ஆண்டு முழுக்க.

மொட்டைமாடிக்குக் கீழான அறை வேண்டாம். சித்திரையில் அங்கே சூடு தாங்காமல் தேயிலை புளிக்கும். தரைத்தளத்தில் நடு அறை நல்லது. உணவுப் பொருளுக்கான 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, ரப்பர் விளிம்புள்ள மூடியுடன் வாங்குங்கள். புதுப் பிளாஸ்டிக் வாடை போக இரண்டு வாரம் திறந்து காற்றாட விட்ட பின்பே தேயிலையை வையுங்கள். ஒரு பெட்டியில் ஒரு தோங் அல்லது பத்து வில்லை. கூட, 65 சதவீதத்தில் ஈரத்தை இழுத்தும் விட்டும் சமன் செய்யும் இருவழி ஈரப்பதப் பொட்டலம், 60 கிராம் அளவில் நான்கு, ஒரு மானி. சிலிக்கா ஜெல் போடாதீர்கள். அது வறட்டிவிடும், எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. பெட்டியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளியும் வையுங்கள். ஷெங், ஷோவ், லியூபாவ் மூன்றும் மூன்று பெட்டியில். சேர்த்தால் மணம் கலந்துவிடும்.

மணத்தில்தான் நம் வீடுகள் ஆபத்தானவை. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும், இழுத்ததை விடாது. பட்டுப்புடவை பீரோவின் அந்துருண்டை, பூஜை அறையின் சாம்பிராணியும் கற்பூரமும், சுவடிக்கு வைக்கும் வசம்பு, காப்பிக்கொட்டை வறுக்கும் கடையின் மாடி, நெல் அவித்த வாடை ஏறிய பத்தாயம் எல்லாமே இதற்கு விலக்கு. அந்துருண்டை வாடை ஏறிய வில்லையை மீட்க வழியே இல்லை. குளிர்பெட்டியிலும் வைக்காதீர்கள், வெளியே எடுக்கும்போது தாளில் நீர் வியர்க்கும்.

மாதாமாதம் ஒரு வில்லையை, எப்போதும் அதே வில்லையை, 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். எடை 3 சதவீதம், அதாவது பத்து கிராம் வாக்கில் ஏறியிருந்தால் உள்ளே ஈரம் புகுந்துவிட்டது. மூடியின் ரப்பரைப் பாருங்கள், பொட்டலங்களை மாற்றுங்கள். ஐப்பசி முதல் தை வரை பெட்டியைத் திறக்கவே வேண்டாம். எடை பார்ப்பதும் அந்த மாதங்களில் வேண்டாம், பெட்டியோடு வைத்த மானியைப் படித்தால் போதும். மாசி முதல் ஆனி வரை, காலை 10 மணிக்கு மேல் அறை மானி 65-க்குக் கீழே இறங்கும் நாளில் அரை மணி நேரம் மூடியைத் திறந்து வைக்கலாம். தேதி, ஈரப்பதம், வெப்பம், எடை நான்கும் எழுதிய இந்த நோட்டுதான் பிறகு ஏலத்தில் உங்கள் கிடங்குக்குச் சான்று.

கெட்டால் என்ன செய்வது

லியூபாவிலும் செங்கல் தேயிலையிலும் மணல் போலக் காணும் மஞ்சள் மணிகள் ‘பொற்பூ’ எனப்படும் நல்ல பூஞ்சை, அதைத் தட்டிவிடாதீர்கள். வெள்ளைப் பஞ்சு, பச்சை, கறுப்பு வந்தால் ஆபத்து. மேலோட்டமான வெண்படலமாக இருந்தால் தனியாக எடுத்து, மென்தூரிகையால் வெளித்திண்ணையில் துலக்கி, 55 சதவீத ஈரப்பதப் பெட்டியில் இரண்டு மாதம் வையுங்கள். பிறகு அது வீட்டு உபயோகத்துக்கு. ஏலத்துக்கு அனுப்புவதானால் நடந்ததைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். பச்சையோ கறுப்போ உள்ளே இறங்கியிருந்தால் குடிக்கவும் கூடாது.

வில்லையில் ஊசிமுனைத் துளையும் அடியில் தூளும் கண்டால் வண்டு. ராமபாணப் பூச்சி தாளைத் தின்னும். தாள் போனால் விலையும் போகும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: காற்றை நீக்கி இரட்டைப் பையில் அடைத்து, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம். எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள்.

ருசி பார்ப்பதை ஒரே கலவையில் பல வில்லை இருந்தால் மட்டும் செய்யுங்கள். ஓரத்திலிருந்து ஊசியைப் படுக்கையாகச் செலுத்தி 6 கிராம் பெயர்த்து, 110 மில்லி மூடிக் கிண்ணத்தில் கொதிநீர் விட்டு முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு 10 விநாடி ஊறல். கரையோர ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் எந்தத் தேயிலையும் ஊமையாகிவிடும். கொள்ளிடத் தண்ணீரைக் காய்ச்சிப் பயன்படுத்துங்கள்.

ஏலத்துக்கு

சந்தை ஹாங்காங். அங்கே தேயிலைக்கு இறக்குமதி வரி கிடையாது. சீனப் பெருநிலத்தின் உணவு இறக்குமதி நடைமுறையோ கடினம். சோதபீஸ், டோக்கியோ சூவோ போன்ற ஏல நிறுவனங்கள் ஹாங்காங்கில் பழைய பு-அரை ஏலம் விட்டிருக்கின்றன. உங்கள் சரக்கு இன்னும் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உறவினர் வீட்டில் இருந்தால் ஊருக்குக் கொண்டுவரவே வேண்டாம். அங்கிருந்தே நேராக ஹாங்காங் அனுப்புங்கள். இந்தியாவில் தேயிலைக்கு இறக்குமதி வரி 100 சதவீதம்.

முதலில் படங்கள் போகட்டும், சரக்கு பிறகு. முன்புறம், பின்புறக் குழி, ஓரம், உள்சீட்டு, தாளின் மடிப்பு, தராசின் மேல் வில்லை, இவை எல்லாம் பகல் வெளிச்சத்தில், வண்ணத் திருத்தம் இல்லாமல். வாங்கிய ரசீது, குடும்பத்துக் கடிதம், ஈரப்பத நோட்டின் படிகளையும் சேருங்கள். மதிப்பீடு வந்ததும் ஒப்பந்தத்தில் நான்கைப் படியுங்கள்: விற்பவர் கமிஷன், காப்பீடு, படச்செலவு, திரும்பப் பெற்றால் அபராதம். ஏலம் 40,000 ஹாங்காங் டாலருக்கு முடிந்து, கமிஷன் 10 சதவீதம், காப்பீடு 1 சதவீதம், படம் 500 என்று வைத்துக்கொண்டால் கையில் வருவது 35,100. வாங்குபவர் தனியாகக் கட்டும் கட்டணம் உங்களுக்கு இல்லை. அடிவிலை, அதாவது அதற்குக் கீழே விற்க வேண்டாம் என்று நீங்கள் குறிக்கும் விலை, மதிப்பீட்டின் கீழ் எல்லைக்கு மேல் போகாது. அதை மிகவும் இறுக்கினால் சரக்கு விற்காமல் நிற்கும். ஒருமுறை விற்காமல் நின்ற வில்லைக்கு அடுத்த ஏலத்தில் மவுசு குறையும். 2007-இல் பு-அர் விலை ஊதிப் பெருத்து அதே ஆண்டில் விழுந்தது. பழைய உச்ச விலையை மனதில் வைத்து அடிவிலை கேட்காதீர்கள்.

இலையுதிர் கால ஏலத்தைக் குறிவைத்துச் சித்திரை, வைகாசியில் அனுப்புவது நமக்குத் தோது. மழை தொடங்குமுன் சரக்கு ஊரைத் தாண்டிவிடும். ஒவ்வொரு வில்லையையும் வாடையற்ற வெள்ளைத் தாளில் சுற்றி, பையில் அடைத்து, இரட்டைச் சுவர் அட்டைப்பெட்டியில் நாலு பக்கமும் மூன்று விரல் நுரை வைத்துக் கட்டுங்கள். விற்பனைக்கு அனுப்புவது ஏற்றுமதி. ஐ.இ.சி. எனும் ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண், விலைப்பட்டியல், தேயிலை வாரிய உரிமம் தொடர்பான தேவைகளைத் திருச்சியிலோ சென்னையிலோ உள்ள சுங்கத் தரகரிடம் முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள். ‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பினால் பிறகு வங்கியில் பணம் வாங்கும்போது விளக்கம் சொல்ல முடியாது.

விற்காமல் திரும்பும் சரக்கு இங்கிருந்து போனதுதான் என்று சுங்கத்தில் நிறுவ வேண்டும், இல்லையேல் அந்த 100 சதவீத வரி உங்கள் தலையில் விழும். ஏற்றுமதிச் சீட்டு, எடை, உள்சீட்டின் நெருக்கப் படம் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். ஹாங்காங்கிலோ சிங்கப்பூரிலோ நம்பகமான உறவினர் இருந்தால், திரும்ப வரவழைக்காமல் அடுத்த பருவம் வரை அவரிடமே ஒரு மானியோடு விட்டுவைப்பது மேல்.