நாய் கவ்விய சேவலை வீட்டில் வைத்துத் தேற்றுவது எப்படி

எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், நாய் வருவது பெரும்பாலும் விடியற்காலையில்தான். ரப்பர் பால் வெட்டுக்கு ஆட்கள் போகும் நேரம், கூட்டைத் திறந்துவிட்ட கொஞ்ச நேரத்துக்குள். ஒரு ஆனி மாதச் சாரலில் அப்படித்தான் எங்கள் சேவலைக் கவ்விவிட்டது. முதுகில் ஒரு கீறல் மட்டும் தெரிந்தது, அம்மை மஞ்சளைக் குழைத்து அப்பினார், சாயங்காலம் அது கூவக்கூடச் செய்தது. மூன்றாம் நாள் செத்துக் கிடந்தது. தூக்கிப் பார்த்தால் இறக்கைக்கு அடியில் இரண்டு பல் ஓட்டை, உள்ளே சீழ் உறைந்து கட்டியாகி நாறுகிறது. கண்ணுக்குத் தெரிந்த காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு, கொன்ற காயத்தைப் பார்க்காமலே விட்டிருக்கிறோம். உங்கள் சேவலுக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, ஐந்து பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். கொண்டையும் தாடியும் சின்னக் கீறலுக்கே நிறைய ரத்தம் விடும், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். பிடிக்கும்போது ஒரு தோர்த்தால் (துண்டால்) தலையை லேசாக மூடி இறக்கைகளைச் சேர்த்துச் சுற்றினால் அடங்கிவிடும். ஆனால் நெஞ்சை இறுக்காதீர்கள். கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சுக்கு உதவும் தசை, கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு ஓடும், இறுக்கிப் பிடித்தால் கையிலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும்.

ரத்தம் நின்றதும் ஒரு அட்டைப் பெட்டியில் சாக்கு விரித்து அதில் விட்டு, இருட்டாக, சத்தம் இல்லாத இடத்தில் வையுங்கள். பயத்தில் உடம்பு சில்லிட்டுப் போவதுதான் முதல் நாளில் பெரிய ஆபத்து. மழைக்காலம் என்றால் பெட்டியின் ஒரு பக்கமாக மட்டும் 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிடலாம், சூடு அதிகமானால் சேவல் மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். பெட்டியில் படாமல் கட்டுங்கள்.

ஒரு மணி நேரம் கழித்து, மூச்சு சீரானதும், நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து இறகை ஊதி ஊதி விலக்கித் தோலைப் பாருங்கள். இரண்டு இறக்கைக்கும் அடியில், முதுகில், வாலடியில், தொடைக்கு உள்பக்கம், கழுத்தில். நாயின் பல் ஓட்டை ஒரு மிளகு அளவுதான் இருக்கும், மேலே இறகு ஒட்டி மூடியிருக்கும். அந்த இடத்து இறகைப் பிடுங்கவே கூடாது, கூடவே தோல் கிழிந்துவரும், கத்தரிக்கோலால் வெட்டுங்கள்.

கழுவுவதற்கு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, அதாவது சுமார் 9 கிராம், கலந்துகொள்ளுங்கள். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சால் பீய்ச்சிப் பீய்ச்சி அழுக்கு போகும்வரை கழுவ வேண்டும். அப்புறம் பீட்டாடின் என்ற கிருமிநாசினியை லேசான கட்டன் சாயா (பால் விடாத தேநீர்) நிறத்துக்கு நீர்க்கச் செய்து விடுங்கள். பல் ஓட்டையைத் தைக்கவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், உள்ளே இருக்கிற கிருமி வெளியே வர வழியில்லாமல் போய்விடும். கோழிக்குச் சீழ் ஒழுகாது, பாலாடைபோல உள்ளேயே கட்டியாகும். இரண்டு மூன்று நாளில் தோல் வெறுமனே பச்சையானால் பதற வேண்டாம், கோழிக்கு ரத்தக்கட்டு அந்த நிறத்துக்குத்தான் மாறும். நாற்றமோ வீக்கமோ சூடோ சேர்ந்தால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

நம்ம ஊர் ஈரத்தில் ஈ பெரிய எதிரி. ஒரே நாளில் புழு வைத்துவிடும். பெட்டிமேல் கொசுவலை போட்டு, காயத்தைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவி, காலையும் மாலையும் பார்க்க வேண்டும்.

தண்ணீரில் கொஞ்சம் கருப்பட்டி கரைத்து அலகு நுனியை மட்டும் நனையுங்கள், தானாகக் குடிக்கும். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், அதன் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. மறுநாள் குழைந்த சோறும் அவித்த முட்டை மஞ்சள் கருவும் கொடுக்கலாம். மனிதர்களின் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்.

தின்ற தீனி கழுத்தடிக் காயம் வழியாக வெளியே வந்தால், மூச்சு விடும்போது காயத்தில் குமிழி வந்தால், தோலுக்கு அடியில் காற்று புகுந்து பலூன்போல உப்பினால், எலும்பு முறிந்திருந்தால், வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். குமிழி வருகிற காயத்தில் தண்ணீர் பீய்ச்சவும் கூடாது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள், அல்லது கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழைத்துக் கேளுங்கள். ஆன்டிபயாடிக்கை அவர்கள் எழுதித் தந்தால் மட்டும் கொடுங்கள், மருந்து கொடுத்த சேவலை எத்தனை நாள் கழித்துத் தின்னலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, விலக்கப் போன உங்களை நாய் கடித்தாலோ கீறினாலோ, சேவலை அப்படியே பெட்டியில் விட்டுவிட்டு முதலில் உங்கள் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சேவலைத் தொடும்போதும் கையுறை போடுங்கள், அதன் இறகில் நாயின் எச்சில் இருக்கும்.

காயம் காய்ந்து பொருக்கு விழும்வரை மற்ற கோழிகளோடு விடக் கூடாது, சிவப்பைக் கண்டால் கொத்திக் கொத்தியே கொன்றுவிடும். சேர்க்கும்போது முதலில் கூட்டுக்குப் பக்கத்தில் வலைக்கு இந்தப் பக்கமாக இரண்டு நாள் வைத்து, மூன்றாம் நாள் அந்தியில் எல்லாம் அடையும் நேரம் பார்த்து உள்ளே விடுங்கள்.